மாற்றுக்கு நிற்கிறவர்

தொழிற்சாலைக் கூரையின் தகடுகளைக்கூடக் கழற்றி விற்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நான் கேள்விப்பட்டது ஒரு முடிதிருத்தும் கடையில். அந்தத் தொழிற்சாலைக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. எனக்கு முடிவெட்டுகிறவரின் சகலை அங்கே புதுக் கார்களை ஏற்றிப்போகும் லாரி ஓட்டியவராம். சகலைக்கு வேறு யாரோ சொன்னார்களாம். “இன்னும் கொஞ்ச நாள்ல ஆளே இருக்காது சார், கேட்ல பூட்டுதான் தொங்கும்” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு என் காதோரம் கத்தரியை ஓட்டினார். என்னால் உட்கார முடியவில்லை. பாதித் தலையோடு எழுந்து வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“கூரையா? நேத்து அவர் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது இருந்துச்சேடா” என்றாள் அக்கா. பக்கத்தில் அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அத்தான் அந்தக் கார்த் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். ஊரில் பாதி வீடுகளில் அந்தத் தொழிற்சாலையால்தான் அடுப்பு எரிகிறது. கூரைத் தகடு வதந்திதான். ஆனால் கார்கள் விற்காமல் முற்றத்தில் வெயில் காய்கின்றன, கம்பெனிக்குக் கடன் கழுத்துவரை வந்துவிட்டது, இரண்டு ஷிப்டில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் வதந்தி இல்லை. செய்திகளை நான் இரண்டு மொழியில் படிக்கிறவன். அதனால் கவலையும் இரண்டு பங்கு. தமிழில் ஆட்குறைப்பு என்று நேராகப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். இன்னொரு மொழியில் ‘சரியான அளவுக்குக் கொண்டுவருதல்’ என்கிறார்கள், ஏதோ தொளதொளத்த சட்டையைத் தையற்காரர் பிடித்துத் தருவதுபோல.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கையில் அத்தானுக்கு ஒரு வேலையும் வைத்திருந்தேன். நான் இருக்கும் ஊரில் ஒரு பெரிய கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள். சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

பேருந்து நிலையத்துக்கு அத்தானே வந்திருந்தார். வேலை போகப்போகிற ஒரு மனிதரின் முகத்தை வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்தவனுக்கு அந்த முகம் கிடைக்கவில்லை. குட்டையாக, கொஞ்சம் உருண்டையாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணித்துண்டு எட்டிப் பார்க்க, பழைய அத்தானேதான் நின்றார். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

“என்ன மாப்ளே, ஒரு பக்கம் முடி நீளமா இருக்கு?”

“எல்லாம் உங்க கூரையாலதான்.”

நடந்துகொண்டே கிடங்கு வேலையைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“அங்க என்ன செய்யணும்?”

“பெட்டி அடுக்கணும்.”

“அப்புறம்?”

“அப்புறமும் பெட்டிதான்.”

“நாள் பூராவுமா?” என்று நின்றே விட்டார். ஜெயிலுக்குப் போகச் சொன்னதுபோல ஒரு பார்வை. “உனக்கு ரொம்ப நல்ல மனசு மாப்ளே. அந்த வேலைய நல்ல ஆள் யாருக்காவது குடு.”

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவருடைய வேலையைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். லைன் என்பது ஓயாமல் நகர்கிற தரை. அதன்மேல் அரைகுறைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். அத்தானின் பகுதியில் எட்டு இடம், எட்டுப் பேர். ஒருவர் முன்கண்ணாடி வைப்பார், ஒருவர் சீட்டைப் போடுவார், ஒருவர் சக்கரம் மாட்டுவார், ஓர் அம்மாள் ஒயர்களை இழுத்து இணைப்பார். கார் யாருக்காகவும் நிற்காது. ஆகவே இடத்தில் ஆள் இல்லாமலும் இருக்க முடியாது. ஒருவருக்கு வயிற்றைப் பிசைந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலோ, சும்மா கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாலோ கையைத் தூக்குவார். அத்தான் போய் அந்த இடத்தில் நிற்பார். போனவர் திரும்பியதும் விலகிக்கொள்வார். அவர்தான் ஒன்பதாவது ஆள். ரிலீவர் என்று பெயர். எட்டு வேலையும் தெரியும், ஆனால் அவருக்கென்று ஓர் இடம் கிடையாது.

கை மாற்றும்போது அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. போகிறவர் எதுவரை ஆகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்: “மூணு நட்டு ஏறிடுச்சு, ரெண்டு பாக்கி.” அத்தான் கருவியை வாங்கிக்கொண்டு, “போயிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்பார். அந்த வார்த்தை காதில் விழாமல் யாரும் நகரக் கூடாது. லைன் போடுகிற இரைச்சலில் அது காதில் விழாது. வாயசைவைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அக்காவைப் பேசி முடிக்க வந்தபோது எங்கள் அப்பா, “தம்பி என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார். “மத்தவங்க வேலையப் பாக்கறேங்க” என்றார் இவர். வேலைவெட்டி இல்லாதவன் சமாளிக்கிறான் என்று அப்பா முடிவுகட்டி, கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோகப் பார்த்தது. பிறகு ஒருமுறை சூப்பர்வைசர் வேலை தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். “அதுல உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது” என்பதுதான் காரணம். மற்றவர்களுக்குத் தோள் போனது, முட்டி போனது, விரல் மடங்க மறுத்தது. இவருக்கு ஒன்றும் இல்லை. ஒரே வேலையைத் தொடர்ந்து அரை மணி நேரம்கூட அவர் செய்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அக்கா அடுப்படியில் கிளறிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினால் கரண்டி தானாக அத்தான் கைக்குப் போய்விடும். மகளுக்குப் படிக்கும்போது தூக்கம் வந்தால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, “நீ போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்” என்பார்.

“எனக்குப் பதிலா பரீட்சைக்கும் அப்பாவே போயிடுவார் மாமா” என்றாள் மருமகள்.

“போயிருப்பேன். சீருடைதான் பத்தாது.”

இப்படிப்பட்ட மனிதரின் வேலைதான் முதலில் ஆபத்துக்கு வந்தது. அது எப்படி வந்தது என்பதை எனக்குச் சொன்னவர் சீட்டுப் போடுகிறவர். வாய் மூட மாட்டார் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். நான் போன அன்று சாயங்காலமே ஆஜராகி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கார் விக்கலைன்னு லைனை மெதுவாக்கிட்டாங்க தம்பி. முன்னாடி நிமிஷத்துக்கு ஒண்ணு வரும். இப்ப ஒரு கார் போயி அடுத்தது வர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவேன். அப்ப ரிலீவர் எதுக்கு? சொல்லுங்க. நடுவுல கிடைக்கிற நேரத்துல அவனவன் பாத்ரூம் போயிட்டு கையக் கழுவிட்டு வந்து நிப்பான்.”

“யாரும் கையத் தூக்கலை” என்றார் அத்தான், மகளின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டே. “நாலு நாள் சும்மா நின்னேன். கை ரெண்டையும் எங்க வச்சிக்கறதுன்னு தெரியலை.”

சும்மா நிற்கிறவரைக் கம்பெனி எத்தனை நாள் விட்டுவைக்கும்? எட்டுப் பேருக்கும் அது புரிந்தது. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்; ஒயரிங் அம்மாள்தான் என்பது என் கணிப்பு. ஒருவரிடம் ஒருவர் பேசிவைக்காமலே, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று தாகம். சக்கரக்காரருக்கு முதுகு. ரேடியோவுக்குக் காலையில் இரண்டு முறை, மத்தியானம் மூன்று முறை வயிறு. அத்தான் மறுபடி பம்பரமாகச் சுற்றினார்.

“சூப்பர்வைசர் வந்து நின்னு பார்த்தாரு” என்றார் ரேடியோ. “ஏன்யா, இந்த லைன்ல இருக்கற எல்லாருக்கும் சர்க்கரையா, டாக்டரை வரச்சொல்லவான்னாரு. வேணாம் சார், ரிலீவர் இருக்காரு போதும்னேன்.”

“அதோட நிறுத்தியிருக்கலாம்ல” என்றாள் அக்கா.

ரேடியோ வாயை மூடினார். அது அபூர்வமான காட்சி என்று பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க ஓர் இளைஞரைக் கம்பெனி அனுப்பியிருந்தது. நல்ல பையன், எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவாராம்; ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வந்து நின்ற நேரம் பார்த்து ரேடியோவும் சக்கரக்காரரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கினார்கள். அத்தானுக்கு எவ்வளவு வேலை என்று அந்தப் பையன் பார்க்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. அத்தான் ஓடினார். சீட்டைப் போட்டார், இந்தப் பக்கம் வந்து சக்கரத்தை மாட்டினார். லைன் மெதுவாகத்தானே ஓடுகிறது. கார் ஒரு குறையும் இல்லாமல் நகர்ந்து போனது. மறுநாள் கண்ணாடிக்காரரும் ஒயரிங் அம்மாளும் சேர்ந்து போனார்கள். அதையும் அவர் சமாளித்தார். ஸ்டாப்வாட்ச் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் கம்பெனி சொன்னது: இரண்டு இடத்தை ஒருவரே பார்க்க முடிகிறது. ஒன்பது பேர் தேவையில்லை, ஆறு பேர் போதும். எல்லா வேலையும் தெரிந்த ரிலீவர் கட்டாயம் இருக்கட்டும். மீதி எட்டுப் பேரில் மூன்று பேர் போக வேண்டும்.

அத்தானைக் காப்பாற்றப் போய்த் தங்கள் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அக்கா அதை நடித்தே காட்டினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம். சக்கரக்காரர் ரேடியோவைப் பார்த்து, “உன் வயித்தாலதான் வந்துச்சு எல்லாம்” என்றாராம். “உன் முதுகு மட்டும் ஒழுங்கா?” என்று ரேடியோ. கண்ணாடிக்காரர் தான் போய்விடுவதாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள் என்றார். கடைசிப் பிள்ளை ஆறாவதுதான் படிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒயரிங் அம்மாள் மட்டும் பேசவில்லை. அவர் வீட்டில் அவர் ஒருவர்தான் சம்பாத்தியம். யாராவது தன் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

“இவர் என்ன செஞ்சார் தெரியுமா? எந்திரிச்சுப் போய் முட்டை பொரிச்சார். ஒம்போது பேருக்கு” என்றாள் அக்கா.

“பசிச்சுது” என்றார் அத்தான். “பசியோட இருந்தா எல்லாருக்கும் மத்தவன்தான் தப்பாத் தெரிவான்.”

சாப்பிட்டு முடித்த பிறகு அவர் சொன்னதை ரேடியோ எனக்கு அப்படியே சொன்னார். “ஆறு பேர் வேலைதான் இருக்குன்னா ஆறு பேர் செய்வோம். ஆனா அதே ஆறு பேரா இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு? இந்த வாரம் மூணு பேர் வீட்ல இருக்கட்டும். அடுத்த வாரம் வேற மூணு பேர். சம்பளம் எல்லாருக்கும் குறையும். யாருக்கும் இல்லாமப் போகாது. இத்தன வருஷம் பாத்ரூம் போறதுக்கு மாத்து விட்டோம், இப்ப வீட்டுக்குப் போறதுக்கு மாத்து விடுவோம்.”

“கம்பெனி ஒத்துக்குமா?” என்று ஒயரிங் அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாராம்.

“ஒத்துக்கணும்னா எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணும். அதான் இப்ப இடைஞ்சல். எனக்கு மட்டும்தான தெரியுது.”

மறுநாளிலிருந்து அந்த லைனில் ஒரு கூத்து நடந்தது. ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஆளாளுக்கு இடம் மாறி நின்றார்கள். கண்ணாடிக்காரர் சக்கரம் மாட்டப் பழகினார். நட்டை முட்டையைப்போலப் பிடித்தாராம். சக்கரக்காரர் சீட்டை ஒரே தள்ளாகத் தள்ளி, பின்சீட்டுக்குள் தானே போய் விழுந்தார். ஒயரிங் அம்மாள் கண்ணாடி வைக்கக் கேட்டுக்கொண்டார். அதை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்க வேண்டும், இவருக்கோ உயரம் பத்தாது. ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்றுகொண்டார். ரேடியோவால் மட்டும் ஒயரிங்கைப் பழகவே முடியவில்லை. அவர் இணைத்த காரில் வலதுபக்கம் திரும்பும் விளக்கைப் போட்டால் கண்ணாடித் துடைப்பான் ஆடியது. “மழையில வலதுபக்கம் திரும்பறவனுக்கு ரொம்ப வசதி” என்றார் சூப்பர்வைசர். இவர்கள் செய்வதைப் பார்க்காததுபோலவே அவர் மூன்று வாரம் நடமாடினார். பிறகு ஸ்டாப்வாட்சைக் கூட்டிவந்து, யாரை எங்கே நிறுத்தினாலும் வேலை நடக்கிறது என்று அளக்கச் சொன்னார். அந்தக் கணக்கோடுதான் அவர் மேலிடத்துக்குப் போனார். சனிக்கிழமை பெரியவர்கள் கூடுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் தானே அத்தானைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு எனக்கு இன்னும் பயம் கூடியது.

“ஒத்துக்கலைன்னா அத்தான்?”

“ஒத்துக்கலைன்னா மூணு பேர் போகணும்.”

“நீங்க இருப்பீங்கல்ல. உங்களுக்குத்தான் கட்டாயம் இடம்னு சொல்லிட்டாங்களே.”

அவர் வாரைத் தைத்து முடித்து, செருப்பை மகள் பக்கம் வைத்தார். “இருப்பேன். யாருக்கு மாத்து நிக்கறது அப்புறம்? போனவன் திரும்பி வர மாட்டானே” என்றார். சிரிக்கவில்லை. நான் அங்கே இருந்த நாட்களில் அவர் சிரிக்காமல் பேசியது அந்த ஒரு முறைதான்.

சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவைப் பார்த்திருந்தால் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பீர்கள். ரேடியோவின் பழைய கார் வாசலில் நின்றது. அவர்கள் தொழிற்சாலையிலேயே பிறந்த கார். நான்கு பேர் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். முன்கண்ணாடியில் கல் பட்டு ஒரு கோடு ஓடியிருந்தது. பழைய வண்டி உடைக்கும் கடையில் ஒரு கண்ணாடியைத் தேடிப்பிடித்து வந்திருந்தார்கள். ஒரு கண்ணாடிக்கு இரண்டு பேர் போதும். வந்திருந்தது எட்டுப் பேர். போன் வரப்போகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்க்க வந்ததாகவே எல்லோரும் சொன்னார்கள்.

அத்தானின் போனில் பேட்டரி போய்விட்டது. சார்ஜரில் செருகியே வைத்திருக்க வேண்டும். அது அடுப்படி ஜன்னல் திட்டில் கிடந்தது. நான் நான்கு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

“அது என்ன அடுப்புல வச்ச பாலா, பொங்கிடுமா?” என்றாள் அக்கா. “சும்மா இருடா.”

“மாமா, சத்தம் கூட்டித்தான் வச்சிருக்கேன்” என்றாள் மருமகள்.

வெளியே பழைய கண்ணாடியை அறுத்து எடுத்தாயிற்று. கண்ணாடிக்காரர் சட்டத்தைச் சுற்றிக் கறுப்புப் பசையைக் கை நடுங்காமல் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு வந்தார். அது காய்வதற்குள் வைத்துவிட வேண்டும். ரப்பர்க் கிண்ணம் வைத்த கைப்பிடிகளைப் புதுக் கண்ணாடியில் ஒட்டவைத்து, இந்தப் பக்கம் அத்தான், அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர். ஒயரிங் அம்மாள் பக்கத்தில் ஒட்டுநாடாவோடு, வீட்டிலிருந்தே கொண்டுவந்த மரப்பெட்டியோடு நின்றார்.

“மேல. இன்னும். உங்க பக்கம் கொஞ்சம் இறக்குங்கண்ணே” என்றார் கண்ணாடிக்காரர்.

கண்ணாடி ஆகாயத்தைக் காட்டிக்கொண்டு காருக்கு மேலே நின்றது. போன் அடித்தது.

ரேடியோகூடப் பாதிப் பேச்சில் நின்றுபோனார். அக்கா அடுப்படியிலிருந்து, “அவர்தான், சூப்பர்வைசர்தான்” என்றாள். நான் உள்ளே ஓட ஒரு காலை எடுத்துவைத்துவிட்டேன்.

“மாப்ளே, இரு” என்றார் அத்தான். “அது எனக்கு வந்த போன். நான்தான் எடுக்கணும்.”

ஆனால் அவருடைய இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தன. கீழே வைக்க முடியாது, பசை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார், பிறகு ரேடியோவைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் எட்டுப் பேருக்கு ஓடியவர், தனக்கு ஆள் வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அதற்கு ஒரு கையைத் தூக்க வேண்டும். தூக்க ஒரு கை இல்லை.

ஒயரிங் அம்மாள் ஒட்டுநாடாவை என்னிடம் கொடுத்துவிட்டு, மரப்பெட்டியைக் காலால் தள்ளி அத்தான் பக்கத்தில் போட்டு ஏறினார். கைப்பிடியில் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

“எதுவரைக்கும் ஆகியிருக்கு?”

அத்தான் கண்ணாடியின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். “மேல் ஓரம் சரியா இருக்கு. கீழ் ஓரம் ஒரு விரல் இறக்கணும்.”

“சரி. போயிட்டு வாங்க, நான் இருக்கேன்.”

அத்தான் ஒவ்வொரு விரலாக விட்டார். கண்ணாடி அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து துணித்துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, எப்போதும்போல நிதானமாக உள்ளே நடந்தார். பின்னால் கண்ணாடிக்காரரின் குரல், “ஒரு விரல்ம்மா, ஒரு விரல்தான்” என்றது. நான் ஒட்டுநாடாவைப் பிடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.